மிளகின் விலை

தோபித்து நூலை வாசிப்பவர்களுள் பலர் அதில் வரும் நாயைக் கவனிக்காமலே கடந்து போய்விடுகின்றனர். 6ஆம் அதிகாரத்தில் இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் பயணம் புறப்படும்போது ஒரு நாயும் உடன் புறப்படுகிறது. 11ஆம் அதிகாரத்தில் அவர்கள் வீடு திரும்புகையில் அந்த நாயும் பின்னே வருகிறது. இடையில் மீன் பிடிபடுகிறது, திருமணம் நடக்கிறது, பேய் ஓட்டப்படுகிறது, கொடுத்து வைத்த பணம் திரும்பி வருகிறது. இத்தனைக்கும் நடுவே அந்த நாய் என்ன செய்தது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பெயரும் இல்லை. எங்கள் மறைக்கல்வி வகுப்பில் அது ஏன் அங்கே இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை; கேட்டிருந்தால் எங்கள் உபதேசியாரும் சற்று விழித்திருப்பார்.

நாய் வளர்த்துப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது. தெருநாய்க்குப் பழைய சோறு வைப்பது உண்டு. அதுவும் புறவாசலில், சட்டியைத் தொடாமல். நாய் நிலைப்படி தாண்டக்கூடாது என்பது பிள்ளைகள் ஆச்சி என்றழைக்கும் எங்கள் வீட்டு மூத்தவரின் சட்டம். சிறுமியாயிருந்தபோது நாய்க்கடிக்காகத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர் அவர். அந்தக் காலத்து ஊசியின் வலியை எண்பது வயதிலும் விரல்விட்டு எண்ணிச் சொல்லுவார். அப்படிப்பட்டவரின் வீட்டில் நாய்ப் பேச்சு எழுந்ததே வியப்பு.

எழுப்பியவன் மகன். 2022ஆம் ஆண்டு மகள் மேற்படிப்புக்காகப் பெங்களூருக்குப் போனபின், ஒன்பதாம் வகுப்பில் படித்த அவன் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பகைமையோ பிடிவாதமோ அன்று. கேட்டதற்கு மட்டும் விடை சொல்வான், சாப்பிட்டு எழுந்து அறைக்குள் போய்விடுவான். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். பிறர் பிள்ளைகள் நாற்பது பேரைப் பேச வைக்கத் தெரிந்த எங்களுக்கு எங்கள் பிள்ளை ஒருவனைப் பேச வைக்கத் தெரியவில்லை. ஒரு நாள் செபமாலை முடிந்த பின், "நாய் வளர்க்கலாமா?" என்று கேட்டான். பல வாரங்களில் அவனாக வாய் திறந்து கேட்ட முதற்கேள்வி அது. ஆச்சி கூட மறுத்துப் பேசவில்லை.

எந்த நாய்? கேட்டவர்கள் அனைவரும் ஒரே விடையைத் தந்தனர். பாளையங்கோட்டைச் சந்தையில் காய்கறி வாங்கும்போது கேட்டாலும் சரி, ஆசிரியர் ஓய்வறையில் கேட்டாலும் சரி, முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு லாப்ரடார்தான் என்றனர். சாதுவானது, பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும், சொன்னால் கேட்கும் என்பவை காரணங்கள். அரசு கால்நடை மருத்துவமனை மருத்துவர் மட்டும் சற்று வேறுவிதமாகச் சொன்னார்: "லாப்ரடார் வாங்குவது தவறில்லை. ஆனால் லாப்ரடார் என்பதற்காக அது தானாக வளர்ந்துவிடாது." பிறகு எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறோம், பகலில் வீட்டில் யார், விடியற்காலையில் எழுந்து அதை நடத்திச் செல்லப் போகிறவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திருமண ஓலை எழுதும் முன் பங்குத்தந்தை கேட்கும் கேள்விகளை அவை நினைவூட்டின.

அவர் சொன்னதும் நாங்கள் படித்தறிந்ததும் சேர்ந்தபோது, அந்த நாயின் இயல்பு அதன் பிறப்பிலேயே இருப்பது புரிந்தது. பெயர் லாப்ரடார் என்றாலும் அதன் மூதாதையரின் ஊர் கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்கள் பனிக்கடலில் வலை இழுக்கவும், தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வரவும் வளர்த்த நீர்நாய்களை, 19ஆம் நூற்றாண்டில் மீன் வணிகக் கப்பல்களில் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்த பிரபுக்கள் சுட்டு வீழ்த்திய பறவைகளைச் சிதையாமல் எடுத்து வர அவற்றைப் பழக்கினர். 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. நீரொட்டாத இரட்டை மயிர்ப்போர்வை, விரலிடைச் சவ்வு, துடுப்பைப் போன்ற தடித்த வால், முட்டையையும் உடையாமல் கவ்வும் மென்மையான வாய் எல்லாம் பனிக்கடல் கொடுத்தவை. அதனை அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்தும் தாமிரபரணிக் கரையில் வளர்க்க வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டோம். மனிதனின் ஆசைக்குத் தட்பவெப்பம் ஒரு பொருட்டன்று.

நம் மண்ணின் நாய்கள் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். இராசபாளையமும் சிப்பிப்பாறையும் எங்களுக்கு எட்டாத தொலைவில் உள்ள ஊர்கள் அல்ல. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. இந்த வெயிலுக்கு அவையே பொருத்தம். ஆனால் அவை வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தவை. ஓட நிலம் வேண்டும். புதியவர்களை எளிதில் நம்பமாட்டா. எங்கள் வீட்டுக்குத் தனிப்பயிற்சிக்கென மாலையில் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். முன்பின் நாய் வளர்த்தறியாத நாங்கள் அத்தகைய நாயை ஆளமுடியாது என்று மருத்துவர் கூறியதை ஒப்புக்கொண்டோம். இன்றும் அந்த முடிவைப் பற்றி எங்களுக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

குட்டி வாங்கும்போது தாயைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவரின் அடுத்த அறிவுரை. தாய் அச்சமும் சீற்றமும் இன்றி இருந்தால் குட்டிகளும் பெரும்பாலும் அப்படியே அமையும். தாயின் இடுப்பு எலும்பு நன்றாயிருக்கிறதா, நடையில் நொண்டல் உண்டா என்றும் பார்க்கலாம், ஏனெனில் இடுப்பு மூட்டுக் கோளாறு இவ்வினத்தில் வழிவழியாக வருவது. முதலில் நாங்கள் போன இடத்தில் தாயைக் காட்டவில்லை. இரும்புக் கூண்டில் ஐந்து வாரக் குட்டிகள் ஆறு இருந்தன. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று எங்கள் மகன் சொன்னான். விற்பவர் அவனைப் பாராமல் எங்களைப் பார்த்துச் சிரித்து, "சின்னதிலே எடுத்தாத்தான் ஒட்டும்" என்றார். மகன் எழுந்து வெளியே போய்விட்டான். நாங்களும் பின்தொடர்ந்தோம். எட்டு வாரம் வரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்தால்தான், கடித்தால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும். சீக்கிரம் பிரித்தெடுத்த குட்டிக்கு அதைக் கற்பிக்க ஆளில்லை.

இரண்டாவதாகப் போனது மதுரைக்கு அருகில், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு. தாய் நாய் தானே வாசலுக்கு வந்து எங்கள் கைகளை முகர்ந்தது. ஏழு குட்டிகள், நான்கு மஞ்சள், மூன்று கறுப்பு. மஞ்சளைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள் என்றும், கறுப்பு கடைசியில் தங்கிவிடும் என்றும் அவர் சொன்னார். எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஓடி வந்து மேலே ஏறிய குட்டி எங்களைக் கவர்ந்தது. மூலையில் பதுங்கியிருந்த குட்டி இரக்கத்தைத் தூண்டியது. இரண்டும் வேண்டாம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார்: முதன்முதலாக வளர்ப்பவர்கள் வீரனையும் எடுக்கக்கூடாது, கோழையையும் எடுக்கக்கூடாது. மகன் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்திருந்தான். கறுப்புப் பெண் குட்டி ஒன்று அவன் செருப்பு வாரை இழுத்தது. அவன் கை தட்டியதும் நிமிர்ந்து பார்த்தது. மல்லாக்கக் கிடத்தியபோது சிறிது துள்ளி, பின் அடங்கியது. "இது" என்றான். விலை 12,000 ரூபாய்.

பெயர் வைத்தவர் ஆச்சி. புனிதர் பெயரை நாய்க்கு வைத்தால் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார். டைகர், சீசர் எல்லாம் அவருடைய வாயில் நுழையவில்லை. பின் குட்டியைத் தூரத்திலிருந்து ஏற இறங்கப் பார்த்து, "மிளகு மாதிரி இருக்கு" என்றார். அன்று முதல் மிளகு.

இனிச் சொல்ல வேண்டியது எங்களுக்கு எளிதன்று. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்துத் தரும் அம்மாள் ஒருவர் பதினோரு ஆண்டுகளாக வருகிறார். அப்போது அவருடைய மாதச் சம்பளம் 2,500 ரூபாய். அந்த ஆண்டு மே மாத இறுதியில், மகளைப் பள்ளியில் சேர்க்கும் செலவுக்காக 3,000 ரூபாய் முன்பணம் கேட்டிருந்தார். கையில் இல்லை என்று சொல்லி 1,500 கொடுத்தோம். கையில் இல்லை என்பது பொய்யன்று. நாய்க்கென்று ஒதுக்கிய பணம் கையில் இல்லை, அஞ்சலகக் கணக்கில் இருந்தது. ஜூன் மாதம் மிளகு வந்த மறுநாள் காலை, குட்டியைப் பார்த்துச் சிரித்தபடி அவர் கேட்டார்: "எவ்வளவுக்கு வாங்குனிய, டீச்சர்?"

எங்களுள் ஒருவர் வாய் திறப்பதற்குள் மற்றவர் சொல்லிவிட்டார்: "தெரிந்தவர் ஒருவர் சும்மா கொடுத்தார்." யார் சொன்னது என்பது இங்கே தேவையில்லை. மற்றவரும் மறுக்கவில்லை. பொய் என்பது சில வீடுகளில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே செய்யும் குடும்ப வழிபாடு போல ஆகிவிடுகிறது.

ஆகஸ்டு மாதம் வந்தது. 16ஆம் நாள் புனித ரோக்கின் திருநாள். நம் மக்கள் ஆரோக்கியநாதர் என்று போற்றும் அவருடைய சுரூபத்தின் காலடியில் ஒரு நாய் நிற்கும். கொள்ளைநோயுற்று அவர் காட்டில் தனித்துக் கிடந்தபோது நாள்தோறும் அப்பம் கொண்டுவந்த நாய் அது என்பது மரபு. தொன் போஸ்கோவை இரவு வழிகளில் காத்த, எங்கிருந்து வந்தது என்று எவரும் அறியாத கிரிஜியோ என்ற சாம்பல்நிற நாயையும் நம் பிள்ளைகள் அறிவர். இந்த நாய்களைப் பற்றி மகனிடம் சொல்லி நாங்கள் எங்களைத் தேற்றிக்கொண்டோம். நான்கு நாள் கழித்து, 20ஆம் தேதி ஞாயிறு, கானானியப் பெண்ணின் நற்செய்தி வாசிக்கப்பட்டது. பிள்ளைகளின் அப்பத்தையும் நாய்க்குட்டிகளையும் பற்றிய அந்த உரையாடலை நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அன்று தலை நிமிரவில்லை. முன்னிருந்து நான்காம் வரிசையில், மகளின் தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி அந்த அம்மாள் முழந்தாளிட்டிருந்தார்.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைப் பற்றிப் பேசுகிறது என்று பங்குத்தந்தை ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்து, எடுத்துப் பார்த்தோம். 2418ஆம் பத்தி. விலங்குகளை வீணாக வதைப்பது மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. அடுத்து, மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிடவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவழிப்பதும் தகாது என்கிறது. விலங்குகளை நேசிக்கலாம், மனிதருக்கே உரிய அன்பை அவற்றின் மேல் திருப்பக்கூடாது. அந்த மூன்று வாக்கியங்களும் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டன. நாய்க்குச் செலவழித்த பணம் எங்கள் மகனின் மௌனத்திற்கான மருந்து அல்லவா, அதுவும் மனிதத் துயர்தானே என்று வாதாடிப் பார்த்தோம். வாதம் தவறில்லை. ஆனால் அந்த 1,500 ரூபாய்க்கு அது விடையில்லை. அடுத்த தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு இருவரும் ஒரே வரிசையில் நின்றோம். இதைச் சொன்னோமா என்பதை ஒருவரை ஒருவர் இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

மகனைப் பற்றிய கணக்கு மட்டும் பொய்க்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அவளை அழைத்துச் செல்ல வேண்டியவன் அவனே. ஐந்தரைக்கெல்லாம் திரும்பி வந்து, வழியில் அவள் யாரைக் கண்டாள், எதை முகர்ந்தாள், எந்த ஆட்டைக் கண்டு அஞ்சினாள் என்று சொல்லத் தொடங்கினான். நாயைப் பற்றிப் பேசத் தொடங்கியவன் பின் பள்ளியைப் பற்றியும் பேசினான். அக்காள் போனபின் இரவில் வீடு பெரிதாகிவிட்டது என்று ஒரு நாள் சொன்னான். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சாதுவான நாய் என்று சொன்னவர்கள் சொல்லாமல் விட்டவை பல. வாயால் கவ்வி வரவே பிறந்த இனம் எதையும் வாயால்தான் அறியும். முதல் ஆறு மாதங்களில் இரண்டு செருப்பு, ஒரு குடைப்பிடி, திருத்தி முடித்த விடைத்தாள் கட்டு ஒன்று, ஆச்சியின் செபமாலையில் ஒரு பத்து மணி ஆகியவை மறைந்தன. செபமாலைக்காக ஆச்சி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மணிகள் எவ்வாறு திரும்பக் கிடைத்தன என்பதை இவ்விதழில் எழுத இயலாது. மயிர் ஆண்டு முழுவதும் உதிரும். கறுப்புச் சேலை உடுத்தினால் மட்டும் தெரியாது. குட்டிக்கு ஆறு வாரம் முதல் பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டு வரவேண்டும்; வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம், பின்னர் ஆண்டுதோறும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. வெங்காயம் இல்லாத சாப்பாடு எங்கள் வீட்டில் ஏது?

எல்லாவற்றிலும் பெரிய துன்பம் அவளது பசி. எவ்வளவு வைத்தாலும் போதவில்லை என்றே பார்ப்பாள். 2016ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டனர்: லாப்ரடார்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் ஒரு மரபணுவின் ஒரு பகுதி இல்லாமலே இருக்கிறது. அந்தப் பார்வை நடிப்பன்று. ஆனால் வயிறு நிறைந்ததை உணராத நாய்க்கு வீட்டார்தான் அளவாயிருக்க வேண்டும். நாங்கள் அளவாயிருந்தோம், ஆச்சி இருக்கவில்லை. நாயைத் தொடமாட்டேன் என்றவர், நாற்காலியில் அமர்ந்தபடி இட்லியை விண்டு விண்டு கீழே நழுவவிடுவார். ஓராண்டு முடிவில் எடை 35 கிலோ. பெண் லாப்ரடாருக்கு 32 கிலோவே மேல்வரம்பு என்று மருத்துவர் கடிந்துகொண்டார். "கீழே தானா விழுந்தது, டாக்டர்" என்றார் ஆச்சி.

வெயிலைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அது வெப்பத்தை வெளியேற்றும் வழி. புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடிகள் வைக்கமுடியாவிட்டால் நாயின் பாதத்தையும் அங்கே வைக்கக்கூடாது. சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்குப் பிறகும் மாலை ஆறரைக்கு முன்பும் அவள் படி இறங்கியதில்லை. பகலெல்லாம் குளியலறைத் தரையில் கிடப்பாள். நாங்கள் குளிக்க வேண்டுமானால் அவளிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

2024ஆம் ஆண்டு அக்டோபரில், மழை தொடங்கிய வாரத்தில், மிளகு சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசி அடங்காத அந்த நாய் உணவை மறுத்தது என்றதுமே நாங்கள் அஞ்சியிருக்க வேண்டும். ஒரு நாள் பார்ப்போம் என்று காத்திருந்தது எங்கள் பிழை. மறுநாள் எழுந்து நிற்கவில்லை. மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தது. இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். உண்ணிக் காய்ச்சல் என்றனர். உண்ணியின் கடி வழியாக இரத்தத்தில் புகும் கிருமி, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. குளுக்கோஸ் ஏற்றி, இருபத்தெட்டு நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தனர். முதல் மூன்று நாள் தாண்டினால் பிழைப்பாள் என்றனர்.

பள்ளியில் காலாண்டு விடுமுறை முடிந்து திறந்திருந்தது. எங்களுள் ஒருவருக்கே ஒரு நாள் விடுப்புக் கிடைத்தது. மற்ற இரண்டு நாட்களும், எவரும் கேட்காமலே, அந்த அம்மாள் மற்ற வீடுகளின் வேலையை முடித்துவிட்டு வந்து நாயின் அருகில் உட்கார்ந்தார். கஞ்சித் தெளிவை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் சிறிது சிறிதாக விட்டார். மாலையில் நாங்கள் திரும்பியபோது மிளகின் தலை அவருடைய மடியில் இருந்தது. ஆச்சி எதிரே அமர்ந்து, பத்து மணி குறைந்த செபமாலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மாலை மிளகு வாலை ஒரு முறை தரையில் தட்டினாள். மகன் அழுதான். அவர் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். வாசல் வரை சென்ற பின்தான் எங்களுக்குத் துணிவு வந்தது. அந்த நாயைச் சும்மா வாங்கவில்லை என்றோம். பன்னிரண்டாயிரம் என்று சொல்லத் தொடங்கும் முன்பே அவர் குறுக்கிட்டார்.

"தெரியும், டீச்சர். கொண்டு வந்த அன்னிக்கே தம்பி சொல்லிட்டான்."

ஓராண்டும் நான்கு மாதங்களும் அவர் அதைத் தெரிந்துகொண்டே வந்து போயிருக்கிறார். 1,500 ரூபாயையும் மாதம் 500 வீதம் மூன்று மாதத்தில் கழித்துத் தந்துவிட்டிருந்தார். நாங்களும் வாங்கி வைத்திருந்தோம். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றோம். "மாத்திரைய மறக்காம குடுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுத்த மாதம் சம்பளத்தை 4,000 ஆக்கினோம். அவர் எண்ணிப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. நாங்களும் விளக்கவில்லை. மகளின் பள்ளிச் செலவைப் பற்றிப் பேச்செடுத்தபோது, அதைத் தன் அண்ணன் பார்த்துக்கொண்டதாகச் சொல்லி வேலையில் திரும்பிவிட்டார்.

மிளகுக்கு இப்போது இரண்டு வயது கடந்துவிட்டது; எடை 31 கிலோ. காலை ஏழு மணிக்கு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஏழேகாலுக்குத் தெருமுனையில் அந்த அம்மாளின் தலை தெரிந்ததும் எழுந்து நிற்பாள். எங்கள் எவருக்கும் அவள் அப்படி எழுந்து நிற்பதில்லை. அவர் வந்து, ஈரக்கையால் அவள் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போவார். அவரைப் பின்தொடர்ந்து மிளகும் உள்ளே போவாள்.